எட்டு மணித்தியாலமா, எழுபது நிமிடமா?

அத்தியாயம் 6

தம்பிராசாவைத் தண்டவாளத்தில் விழுத்தியது ஒரு தொலைபேசி அழைப்பு.

அதைச் செய்தவன் காங்கேசன்துறை ரயில் நிலையத்துக்கு வரவில்லை. அவரைத் தொடவுமில்லை. எண்பத்து நாலாம் ஆண்டு வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு, எங்கோ இருந்தபடி இலக்கத்தைச் சுழற்றினான். கொழும்புக்குப் போகும் ரயிலில் குண்டு இருக்கிறது என்றான். வைத்துவிட்டான். மேடையில் நின்ற நானூறு பேரும் ஒரே வாசலைப் பார்த்து ஓடினார்கள். சண்டிலிப்பாயில் புகையிலை செய்யும் தம்பிராசா, கொழும்பில் கண் சத்திரசிகிச்சைக்காக மகளோடு அந்த மேடையில் நின்றார். ஒரு கண்ணில் வெண்படலம், மற்றக் கண்ணில் அரைப் பார்வை. மகளின் கையை யாரோ இடித்துப் பிரித்தார்கள். அடுத்த அடி மேடையில் இருக்கும் என்று நினைத்துக் காலை வைத்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்து போனார்.

ரயிலில் குண்டு இருக்கவில்லை. அதற்கு முந்திய இரண்டு வெள்ளிக்கிழமைகளிலும் இதே நேரத்துக்கு இதே போல வந்த அழைப்புகளும் பொய்தான். மூன்று தடவையும் இராணுவம் வந்து பெட்டி பெட்டியாகக் கிண்டியது. மூன்று தடவையும் ரயில் மறுநாள்தான் போனது.

மரண விசாரணையில் 'சன நெரிசலில் தற்செயலாக விழுந்தமை' என்று எழுதினார்கள்.

"தற்செயலுக்குக் குரல் இருக்குமே ஐயா?" என்று கேட்டுக்கொண்டுதான் தம்பிராசாவின் மகள் மகாதேவி, துப்பறிவாளர் அருளம்பலத்தின் கந்தோருக்குள் வந்தாள். முப்பது வயது, தையல் ஆசிரியை. அவள் அழவில்லை. கதிரையில் இருக்கவுமில்லை. "போன் எடுத்தவன் ஒருத்தன் இருக்கிறான். அவன்ரை பேரை எனக்குச் சொல்லுங்கோ."

அவளைக் கூட்டிவந்தவர் ஆழ்வாப்பிள்ளை. துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், ரயில் பயணிகள் சங்கத்தின் தலைவர். ரயில் பிந்தினால் அமைச்சருக்குத் தந்தி அடிப்பார். மின்விசிறி சுற்றாவிட்டால் பத்திரிகைக்கு எழுதுவார். தம்பிராசாவின் செத்தவீட்டில் அவர் செய்த பேச்சைக் கேட்டு அழாதவர்கள் குறைவு. விசாரணைச் செலவைச் சங்கமே ஏற்கும் என்று அவர் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் கந்தோருக்கு வந்து, என்ன முன்னேற்றம் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

முன்னேற்றம் இல்லை. ஐந்து நாட்களில் அருளம்பலத்தின் கைக்கு வந்தது ஒரேயொரு வசனம். மூன்று அழைப்புகளையும் எடுத்த நிலையத்து எழுதுவினைஞர் பஞ்சலிங்கம், கேட்டதைச் சொல்லுக்குச் சொல் எழுதி வைத்திருந்தார். வாயில் துணி வைத்த குரல். மூன்று தடவையும் ஒரே வசனம்.

'மத்தியான ரயிலில் குண்டு வைக்கப்பட்டுள்ளது. தயவுசெய்து பிரயாணிகளுக்கு அறியத்தரவும்.'

"குண்டு வைக்கிறவன் தயவுசெய்து எண்டு சொல்லி நான் கேள்விப்படேல்லை அண்ணை," என்றாள் மரியநாயகி. "நல்ல இடத்துப் பிள்ளை போலை கிடக்கு."

மரியநாயகி அருளம்பலத்தின் உதவியாளர். முப்பத்தெட்டு வயது. பதினொரு வருடம் தொலைபேசிப் பலகையில் இருந்து ஊரார் கதையெல்லாம் கேட்டவள். ஒரு பெரிய அதிகாரி தன் மனைவிக்குப் பொய் சொல்லும்போது இடையில் புகுந்து சிரித்ததற்காக வேலை போனவள். அருளம்பலத்துக்கு ஐம்பத்திரண்டு. சீமெந்துத் தொழிற்சாலையில் களவு பிடிக்கும் வேலையில் இருபது வருடம் இருந்தவர். அவருக்குக் கோபம் வந்தால் குரல் தணியும். இந்த ஐந்து நாளும் அவர் பேசியது பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கவில்லை.

ஆறாம் நாள் காலை அவர் எழுந்தார். "குரலை விடுவம். அந்தப் போனாலை ஆருக்கு நல்லது நடந்தது எண்டு பாப்பம். நீரும் வாரும், நாயகி. பிள்ளை, நீங்களும் வாங்கோ," என்று அன்றும் வந்திருந்த மகாதேவியிடம் சொன்னார்.

நல்லது நடந்த இடம் கடற்கரை வீதியில், நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. வெண்கொக்கு விமான சேவை. பலாலியிலிருந்து கொழும்புக்குப் பதினெட்டுப் பேர் ஏறும் சிறிய விமானம், காலையில் ஒரு தடவை. ஆட்கள் கூடினால் பின்னேரமும் ஒரு தடவை. வாசலில் ஆளுயர விளம்பரம். மேலே வெள்ளை விமானம் சிரித்தது. கீழே ஒரு ரயில் அட்டை போல ஊர்ந்தது. நடுவில் சிவப்பு எழுத்து: எட்டு மணித்தியாலமா, எழுபது நிமிடமா?

முகவர் தில்லைநாதன் கழுத்துப்பட்டியைத் தடவிக்கொண்டு வரவேற்றார். மகாதேவியைக் கண்டதும் தடவுவதை நிறுத்தினார்.

"பன்னிரண்டரைக்குப் போன் வந்தது," என்றார் அருளம்பலம். "பன்னிரண்டு நாப்பதுக்கு உங்கடை வான் ஸ்ரேசன் வாசலிலை நிண்டது. மூண்டு வெள்ளியும்."

"பக்கத்திலைதானே ஐயா இருக்கிறன். சனம் ஓடினால் எனக்குத் தெரியாதே? மழை பெய்யேக்கை குடை விக்கிறவன் குற்றவாளியோ?"

"மழையையும் அவனே பெய்விச்சால் குற்றவாளிதான்," என்றாள் மரியநாயகி.

தில்லைநாதன் அவளைப் பார்க்காமல் அருளம்பலத்துக்கே பதில் சொன்னார். "பொறாமையிலை ஆயிரம் கதைப்பினம். நான் செய்தது வியாபாரம்."

"பின்னேரப் பிளேனை எப்ப கூப்பிட்டனீங்கள்?"

"ரெயில் நிண்ட பிறகுதான். கொழும்புக்குப் போன் எடுத்தன், எழுபது நிமிசத்திலை இஞ்சை வந்து நிண்டுது. அதுக்கு முதல் எனக்கெப்பிடித் தெரியும் ரெயில் போகாதெண்டு?"

"அதுதானே," என்றார் அருளம்பலம் மெதுவாக. "எப்பிடித் தெரியும்."

அவர் எதிர்த்துப் பேசாததைக் கண்டு தில்லைநாதனுக்குத் துணிவு வந்தது. மேசைக்கண்ணாடியின் கீழே இருந்த உலகப் படத்தில் விரலை வைத்தார். "யப்பானைப் பாருங்கோ ஐயா. தோக்கியோவிலை இருந்து ஒசாக்காவுக்கு மூண்டு மணித்தியாலத்திலை ரெயில் போகுது. அந்தப் பாதையிலை பிளேன்காரன்ரை பாடு கஷ்டம். ஆனால் அதே தோக்கியோவிலை இருந்து வடக்கே சப்போரோவுக்குத்தான் உலகத்திலையே ஆகக்கூடின சனம் பறக்குது. ஏன்? நடுவிலை கடல். ரெயில் நேரை போகேலாது. ரெயில் ஓடாத இடத்திலைதான் பிளேனுக்குச் சாப்பாடு எண்டு எங்கடை பெரியவர் அடிக்கடி சொல்லுவார்."

"ஆர் பெரியவர்?"

தில்லைநாதன் விரலை எடுத்தார். "கொழும்பிலை... ஒரு பங்காளி."

"யப்பானிலை ரெயில் வெண்டது வேகத்தாலை," என்றார் அருளம்பலம். "இஞ்சை உங்கடை பிளேன் வெண்டது ஒரு போனாலை. இப்ப போனும் தேவையில்லை. ரெயிலைக் கண்டாலே சனம் பயப்பிடுது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் பிளேன் நிரம்பித்தானே போகுது?"

அதுவரை சுவரோடு நின்ற மகாதேவி முன்னுக்கு வந்தாள்.

"அப்பா தண்டவாளத்திலை கிடக்கேக்கை நான் தூக்க ஆள் கேட்டு வாசலுக்கு ஓடி வந்தனான். உங்கடை வான்காரன் கதவடியிலை நிண்டு சாப்பாட்டுப் பெட்டி குடுத்துக்கொண்டிருந்தான். தூக்க வா எண்டன். 'டிக்கெட் எடுத்தாச்சோ அக்கா' எண்டு கேட்டான். பக்கத்திலை நிண்ட ஒருத்தர் கட்லட்டைக் கடிச்சுக்கொண்டு எட்டி எட்டிப் பாத்தார். எனக்கு இரவிலை கண்ணை மூடினால் அப்பாவின்ரை முகம் வரேல்லை. அந்தக் கட்லட்தான் வருது."

"பிரயாணிகளுக்குப் பெட்டி குடுக்கிறது கொம்பனி வழமை, தங்கச்சி," என்று முணுமுணுத்தார் தில்லைநாதன்.

அருளம்பலம் எழுந்துவிட்டார். வாசலில் இருந்த குப்பைக் கூடையில் குனிந்து, எண்ணெய் ஊறிய வெற்று அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

காருக்குள் ஏறியதும் பெட்டியை மரியநாயகியின் மடியில் போட்டார். "பதினெட்டுப் பேருக்குக் கட்லட் செய்ய எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

"கிழங்கு அவிக்கோணும். மீன் அவிச்சு முள்ளெடுக்கோணும். வதக்கி, உருட்டி, முட்டையிலை தோய்ச்சு, தூள் பிரட்டிப் பொரிக்கோணும். கைவேகமான ஆளெண்டாலும் மூண்டு மணித்தியாலம்."

"பத்து நிமிசத்திலை?"

"பத்து நிமிசத்திலை வெங்காயம் உரிச்சு அழலாம்." சொல்லி முடித்த பிறகுதான் மரியநாயகிக்கு விளங்கியது. அவள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். "காலமைப் பிளேனிலை மிஞ்சினதாயும் இருக்கலாமே அண்ணை?"

"இருக்கலாம். செய்த ஆளைக் கேப்பம்."

பெட்டியின் அடியில் ஊதா மையில் ஒரு முத்திரை இருந்தது: பராசக்தி சிற்றுண்டி, நீர்வேலி.

நீர்வேலியில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே போன ஒழுங்கையின் முடிவில் எண்ணெய் வாசம் வழி காட்டியது. பின்வளவில் தகரக் கொட்டகை. மூன்று அடுப்பு. கையில் கண்ணகப்பையோடு நின்ற பராசக்திக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அருளம்பலத்தின் நீளக் காற்சட்டையைப் பார்த்ததும் முகம் கடுகடுத்தது.

"சுகாதாரக் கந்தோரோ?"

"உவரைப் பாத்தால் சுகாதாரம் மாதிரியே அக்கா கிடக்கு?" என்றாள் மரியநாயகி. "நாங்கள் கட்லட் விசயமாய் வந்தனாங்கள்."

"எத்தினை வேணும்?"

"போன மாதத்துக் கட்லட்," என்றார் அருளம்பலம். பெட்டியைக் காட்டினார். "ஸ்ரேசனிலை குண்டெண்டு சனம் ஓடின மூண்டு வெள்ளிக்கிழமை. அந்த நாளுகளிலை வழமையை விடக் கூட ஏதும் செய்தனீங்களோ?"

பராசக்தி கண்ணகப்பையைச் சட்டிக்குள் போட்டாள். பெரிய சத்தம் வந்தது.

"மறப்பனே? வெள்ளிக்கிழமை என்ரை குசினிக்குள்ளை மீன் மச்சம் வராது. பிளேன்காரருக்கும் அது தெரியும். வெள்ளியிலை காலமைப் பிளேனுக்குப் பதினெட்டுப் பெட்டி, மரக்கறி றோல்ஸ் மட்டும். அந்த மூண்டு வெள்ளியும் விடியப்புறம் ஆறு மணிக்கு ஒரு மனிசன் காரிலை வந்து நிண்டார். பின்னேரமும் ஒரு பிளேன் இருக்கு, இன்னும் பதினெட்டு வேணும், மீன் கட்லட் போடு எண்டார். எனக்கு வந்த விசருக்கு அளவில்லை. வெள்ளிக்கிழமை வந்து மீன் எண்டுறார். முதல் வெள்ளி சண்டை பிடிச்சு, பேந்து வாழைக்காயிலை செய்து குடுத்தன். திண்ட ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியேல்லை. அடுத்த இரண்டு வெள்ளியும் வாழைக்காய்தான்."

"காலமை ஆறு மணிக்கு," என்றாள் மகாதேவி.

"ஓம் பிள்ளை. பதினொண்டரைக்கு வான் வரும், பிந்தக்கூடாது எண்டும் சொன்னவர்."

பின்னேர விமானத்தைக் குண்டுக் கதைக்குப் பிறகுதான் கூப்பிட்டதாகத் தில்லைநாதன் தன் வாயாலேயே சொல்லியிருந்தார். ரயில் நிற்கப் போகிறது என்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாத நேரத்தில், அதில் போக முடியாமல் நிற்கப் போகிற பதினெட்டுப் பேருக்கு இங்கே வாழைக்காய் அவிந்துகொண்டிருந்திருக்கிறது.

"குண்டுக்கு ஆறரை மணித்தியாலம் முந்தியே கட்லட்டுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள் மரியநாயகி. வழக்கம் போலச் சிரிக்கவில்லை.

"வந்தவர் தில்லைநாதனோ?" என்று கேட்டார் அருளம்பலம்.

"அந்தக் கழுத்துப்பட்டியை எனக்குத் தெரியாதே? உவர் வேறை ஆள். வயது போன மனிசன். நல்ல மரியாதை, ஆனால் காயிதத்திலை எழுதின மாதிரிக் கதைப்பார். 'தயவுசெய்து பதினொன்றரைக்கு முன் ஒப்படைக்கவும்' எண்டார். இஞ்சை வேலை செய்யிற பிள்ளையள் ஒரு கிழமையாய் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சவை."

மரியநாயகியும் அருளம்பலமும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"பேர் தெரியுமோ?"

"கேக்கேல்லை." பராசக்தி பொரித்ததை அள்ளி, எண்ணெய் வடிவதற்குப் பழைய பத்திரிகை விரித்த தட்டில் கொட்டப் போனாள். போனவள் நின்றாள். குனிந்து பார்த்தாள். கண்ணகப்பையின் நுனியால் பத்திரிகையைத் தொட்டாள்.

"இந்தா, உவர்தான். பேப்பரிலையும் வந்திருக்கிறார்."

பத்து நாளைக்கு முந்திய பத்திரிகை. எண்ணெய் பட்டுக் கண்ணாடியாகிப் போன தாளில் ஒரு செத்தவீட்டுப் படம். வெள்ளை வேட்டி கட்டிய மனிதர் கையை உயர்த்திப் பேசுகிறார். மற்றக் கை, தலை கவிழ்ந்து இருக்கும் ஒரு கைம்பெண்ணின் தோளில் கிடக்கிறது. கீழே எழுதியிருந்தது: 'உயிருக்கு உலை வைக்கும் பொய்யர்களை விடமாட்டோம். சண்டிலிப்பாயில் பயணிகள் சங்கத் தலைவர் ஆழ்வாப்பிள்ளை ஆவேசம்.'

அந்தக் கைம்பெண் மகாதேவியின் தாய் மீனாம்பிகை.

மகாதேவி தட்டிலிருந்து அந்தத் தாளை உருவினாள். மடித்தாள். மடித்ததை இன்னொரு தரம் மடித்தாள். பிறகு கொட்டகைக்கு வெளியே போய், வாழைக்குட்டி ஒன்றின் முன் நின்று, அதைக் காலால் உதைத்தாள். குட்டி சாயும் வரை உதைத்தாள். பராசக்தி தடுக்கப் போக, மரியநாயகி அவளுடைய கையைப் பிடித்தாள்.

"விடுங்கோ அக்கா. வாழையெண்டாலும் விழட்டும்."

அருளம்பலத்தின் குரல் இப்போது முற்றாக அடங்கியிருந்தது. "ஆழ்வாப்பிள்ளை கண்டுபிடிக்கச் சொல்லி எங்களை அமர்த்தேல்லை, நாயகி. கண்டுபிடிச்சால் முதல் ஆளாய்த் தனக்குத் தெரியோணும் எண்டு அமர்த்தியிருக்கிறார். பின்னேரம் பின்னேரம் வந்து என்ன முன்னேற்றம் எண்டு கேட்டது அதுக்குத்தான். நானும் தேத்தண்ணி குடுத்து ஒப்புவிச்சிருக்கிறன்."

"இண்டைக்கு நாங்கள் போவம் அண்ணை. தேத்தண்ணி அவர் தரட்டும்."

திரும்பும் வழியில் கடற்கரை வீதியில் ஐந்து நிமிடம் நின்றார்கள். பராசக்தியின் பெயரைச் சொன்னதும் தில்லைநாதனின் கழுத்துப்பட்டி தளர்ந்தது. 'பெரியவர்' கொழும்பில் இல்லை. துறைமுகத்துக்கு அருகில்தான் இருக்கிறார். சேவையில் பாதி அவருடையது, பத்திரத்தில் மட்டும் மருமகனின் பெயர். அந்த வெள்ளிக்கிழமைகளில் பன்னிரண்டரைக்கு வானை ஆயத்தமாக வைத்திருக்கச் சொன்னவர் அவர். ஏன் என்று தில்லைநாதன் கேட்கவில்லை.

"கேக்காமல் விட்டதுதான் உம்மடை பங்கு," என்றார் அருளம்பலம்.

ஆழ்வாப்பிள்ளை வீட்டு முன்னறையில் மேசையில் இருந்தார். கையில் பேனை. வரவேற்றார், கதிரை காட்டினார், மூவரில் ஒருவரும் இருக்காததைக் கவனிக்கவில்லை.

"நல்ல நேரத்துக்கு வந்தியள். நிலையத்துப் பாதுகாப்புப் பற்றி அமைச்சருக்கு ஒரு மகஜர் எழுதுறன். ஏதும் முன்னேற்றமோ?"

அருளம்பலம் மேசையிலிருந்த கடிதத்தைத் தன் பக்கம் திருப்பினார். கடைசி வரியை வாசித்தார். "'தயவுசெய்து பிரயாணிகளுக்கு அறியத்தரவும்.' எல்லாக் கடிதத்தையும் இப்பிடித்தான் முடிப்பியளோ?"

"அது வழமையான வசனம்..."

"பஞ்சலிங்கத்தின்ரை கொப்பியிலையும் மூண்டு தரம் கிடக்கு. வாயிலை துணி வைக்க நினைச்ச உங்களுக்கு வசனத்தை மாத்த நினைவு வரேல்லை. நாங்கள் நீர்வேலியிலை இருந்து வாறம். தில்லைநாதனிட்டையும் போட்டுத்தான் வாறம்."

பேனை மேசையில் உருண்டது. அது விழும்வரை ஆழ்வாப்பிள்ளை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுப்பதற்கு வாயைத் திறந்தவர், மகாதேவியின் கையில் இருந்த எண்ணெய்த் தாளைக் கண்டதும் மூடினார்.

"ஆரும் சாகோணும் எண்டு நான் நினைக்கேல்லை, பிள்ளை," என்றார் கடைசியில். "ரெயில் பிந்தினால் போதும். அவ்வளவுதான். அது வழமையாய்ப் பிந்துறதுதானே. ஓய்வு பெற்ற காசு முழுக்க அந்தப் பிளேனிலை போட்டிட்டன். காலமைக்கே பாதிப் பேர் வரேல்லை. ஒரு மாதம் ரெயில் ஒழுங்கில்லாமல் ஓடினால் சனம் பழகிவிடும் எண்டு..."

"சனம் பழகிட்டுது," என்றாள் மகாதேவி. "நீங்கள் என்ரை அப்பாவின்ரை பெட்டியைத் தூக்கினீங்கள். சுடலைவரை தூக்கினீங்கள்."

"நான் உங்களுக்கு வேண்டியதைச் செய்வன். அம்மாவுக்கு மாதம் மாதம்... கொழும்புக்கு எப்ப போறதெண்டாலும் இருக்கை..."

"வாயை மூடும்," என்றார் அருளம்பலம். மேசையின் இரு விளிம்பையும் அவர் பிடித்திருந்தார். "இந்தக் கதை வெளியிலை போனால் நாளைக்கு ஆர் உம்மைத் தேடி வருவினம் எண்டு தெரியும்தானே? இயக்கப் பெடியள் விசாரிக்கிற விதம் வேறை. துரோகியெண்டு கட்டிச் சுடுற விளக்குக் கம்பத்துக்கு உம்மடை விலாசம் தெரியும்."

ஆழ்வாப்பிள்ளையின் முகம் சாம்பலாகியது. "அருளம்பலம், அவையளுக்கு மட்டும் சொல்லிப்போடாதையும்."

"சொல்ல வேண்டாம் ஐயா," என்றாள் மகாதேவி.

அருளம்பலம் திரும்பினார்.

"இவரைச் சுட்டால் நாளைக்கு ஊர் கதைக்கிறது இவரைப் பற்றி. பாவம், ஆழ்வாப்பிள்ளையைச் சுட்டுப்போட்டாங்கள் எண்டு. என்ரை அப்பா அதுக்குள்ளை இல்லாமல் போயிடுவார். எனக்கு இவர் உயிரோடை வேணும்." அவள் மேசைக்குக் கிட்ட வந்தாள். "அப்பா தற்செயலாய் விழுந்தார் எண்டு எழுதியிருக்கினம். நாளைக்குக் காலமை மல்லாகம் கோட்டுக்கு வந்து நீதவானுக்கு நடந்ததைச் சொல்லுங்கோ. முழுக்க. இல்லாட்டில் அம்மாவை இஞ்சை கூட்டிக்கொண்டு வருவன். அவ உங்கடை கையைப் பிடிச்சு அழுதவ. அவவின்ரை முகத்தைப் பாத்து நீங்களே சொல்லுங்கோ."

கடல் காற்றில் மகஜர் மேசையை விட்டுப் பறந்தது. ஒருவரும் குனிந்து எடுக்கவில்லை.

"கோட்டுக்கு வாறன்," என்றார் ஆழ்வாப்பிள்ளை.

மறுநாள் ஒன்பது மணிக்கு அருளம்பலத்தின் காரிலேயே வந்தார். இரவு முழுவதும் அவருடைய வீட்டு வாசலில் கார் நின்றது. முன் ஆசனத்தில் மரியநாயகி செபமாலை உருட்டிக்கொண்டும், உள்ளே வெளிச்சம் நகரும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டும் இருந்தாள். அவர் ஓடவில்லை. ஓடுவதற்கு இடமும் இல்லை. ரயிலிலும் விமானத்திலும் அவரைத் தெரியாதவர் கிடையாது.

நீதிமன்றம் நிறைந்திருந்தது. பராசக்தி சேலை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். பஞ்சலிங்கம் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். தில்லைநாதன் கடைசி வரிசை வாங்கில் ஒரு பொலிஸ்காரருக்குப் பக்கத்தில் இருந்தார். ஆழ்வாப்பிள்ளை கூண்டில் ஏறினார். ஏறி நிமிர்ந்தபோதுதான் முதல் வாங்கைக் கண்டார்.

அங்கே மகாதேவிக்குப் பக்கத்தில் மீனாம்பிகை இருந்தாள். வெள்ளைச் சேலை. மடியில் கைகள்.

ஆழ்வாப்பிள்ளை மகாதேவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு முறைப்பாடு இருந்தது. மகாதேவி கண்ணை எடுக்கவில்லை. கோட்டுக்கு வந்தால் அம்மா வரமாட்டா என்று அவள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

"சொல்லும்," என்றார் நீதவான்.

ஆழ்வாப்பிள்ளை சொன்னார். முதல் வெள்ளி, இரண்டாம் வெள்ளி, மூன்றாம் வெள்ளி. குரல் நெஞ்சுக்குள்ளேயே உருண்டது. நீதிமன்ற எழுதுவினைஞர் காதைச் சரித்துச் சரித்து எழுதினார். மேடைகளில் ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கப் பேசிய மனிதர், இப்போது கூண்டின் கம்பியோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

மீனாம்பிகை மகளின் பக்கம் சாய்ந்தாள். "என்ன பிள்ளை சொல்லுறார்? எனக்கொண்டும் கேக்கேல்லை."

மகாதேவி எழுந்து நின்றாள். காவலர் கையைக் காட்டி இருக்கச் சொன்னார். அவள் இருக்கவில்லை.

"ஐயா," என்றாள் நீதவானிடம். "அவரைச் சத்தமாய்ச் சொல்லச் சொல்லுங்கோ. அம்மாவுக்குக் கேக்கேல்லை."

நீதவான் பேனையை வைத்தார். முதல் வாங்கைப் பார்த்தார், பிறகு கூண்டைப் பார்த்தார்.

"முதலிலை இருந்து சொல்லும்," என்றார். "அந்த அம்மாவைப் பாத்துச் சொல்லும்."

ஆழ்வாப்பிள்ளை கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார். இந்தத் தடவை அவர் சொன்னது வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது.